கிருமியின் விவரம் முதலில் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் ஒழிக்க நடக்கும் ஆராய்ச்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். போன ஐப்பசியில் அவரைப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அதனால் இது எங்கள் வீட்டு விஷயம்.

நீர்க்கடுப்பு என்றுதான் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வசதி இல்லை, பாலக்காட்டுக்குப் போய் வர மூன்று நாள் ஆயிற்று. அதுவரை டாக்டர் அனுமானமாகக் கொடுத்த மருந்து கேட்கவே இல்லை. அப்புறம் தாள் வந்தது. மேலே கிருமியின் பெயர் ஈ கோலை. கீழே இடப்பக்கம் பதினான்கு மருந்துகள், எதிரே ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. விரல் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு ஆர். மிச்சம் இரண்டும் ஊசி மருந்து. அந்த ஊசிதான் அம்மாவைக் காப்பாற்றியது.

இது எப்படி வந்தது என்று என் மனசுக்குத் தெரிகிறது. கேரளத்தில் 2024 ஜனவரியிலிருந்து ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கிறார்களா என்று மருந்துக்கடைகளைச் சோதிக்கிறார்கள். இங்கே சீட்டு இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பதில்லை. ஆனால் பஸ் ஏறி எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால், நாங்கள் வழக்கமாகப் போகும் கடையில் கேள்வி இல்லை. “போன தடவை வாங்கின அதே மாத்திரை நாலு குடுங்க” என்றால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். சீட்டு வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் ஒரே சட்டம்தான். இரண்டு மாத்திரையில் எரிச்சல் குறைந்ததும் அம்மா மீதியை எடுத்து வைத்துவிடுவார். மூன்று வருஷமாக வாங்கிக் கொடுத்தது நான்தான்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். கிரிஸ்பர் என்பது பாக்டீரியா தன்னைத் தாக்கும் வைரஸை அடையாளம் வைத்து வெட்டுவதற்கு வைத்திருக்கும் ஆயுதம். சார்பென்டியே, டௌட்னா என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் அதை வேண்டிய இடத்தில் வெட்டும் கருவியாக்க முடியும் என்று 2012-ல் காட்டினார்கள். 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தை எதிர்க்கும் மரபணு பல நேரம் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கும். ஒரு பாக்டீரியா அதை இன்னொன்றுக்குக் கைமாற்றிவிடும். அந்த வளையத்தை வெட்டினால் பழைய மருந்தே மறுபடி கேட்க வாய்ப்புண்டு. பாக்டீரியாவின் முக்கியக் குரோமோசோமையே வெட்டினால் அது செத்துப்போகும். பாக்டீரியாவை மட்டும் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களையும் திருத்துகிறார்கள். லண்டனில் நுரையீரல் மாற்றியபின் மருந்துக்கு அடங்காத கிருமி தொற்றிய ஒரு 15 வயதுப் பெண்ணுக்கு மூன்று ஃபேஜ்கள் கொடுத்துத் தேற்றியதை 2019-ல் வெளியிட்டார்கள். அவற்றில் இரண்டு மரபணு திருத்தியவை. படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

ஆனால் கட்டுரை ஒன்றைத் தொடாமல் விட்டுவிட்டது. இந்த ஆயுதம் எதை வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் வெட்டும். ஃபேஜ் இன்னும் கறார். ஒரே இனத்தில் ஒரு வகையைக் கொல்லும், அடுத்த வகையைத் தொடக்கூடத் தொடாது. லண்டனில் கேட்டது எங்கள் சித்தூர் தாலுகாவில் கேட்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கிருமியிடம் எந்த எதிர்ப்பு மரபணு இருக்கிறது என்று பார்த்து வைக்க வேண்டும். கல்ச்சர் டெஸ்டுக்கே மூன்று நாள் காத்திருக்கும் ஊரில் அந்த மருந்து நாளைக்கே வந்தாலும் யாருக்கு எதைக் கொடுப்பார்கள்?

கிருமிக்கு செக்போஸ்ட் கிடையாது. பல்லடம், பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோழி லாரிகள் இந்த வழியாகத்தான் வருகின்றன. பண்ணை உயிர்களுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதை மத்திய அரசு 2019-ல் தடை செய்தது. மற்ற மருந்துகள் நின்றுவிடவில்லை. எங்கள் வீட்டுப் பசுவுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டபோது, டாக்டர் சொன்ன நாள் வரை பாலைச் சொசைட்டியில் ஊற்றவில்லை. எல்லா வீட்டிலும் அப்படிச் செய்கிறார்களா என்றால், இல்லை.

அதனால் இரண்டு அரசுகளிடமும் கேட்கிறேன். எல்லையோரத் தாலுகா ஆஸ்பத்திரிகளில் கல்ச்சர் டெஸ்ட் வசதி வேண்டும். பாலக்காட்டில் தெரிந்தது கோவைக்கும், கோவையில் தெரிந்தது பாலக்காட்டுக்கும் உடனே போக வேண்டும். கிருமிகளின் மாதிரிகள் நம் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். உலகம் முழுக்க 2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அம்மா அந்தக் கணக்கில் சேராமல் தப்பியது இரண்டு எஸ் எழுத்தால்.

அந்தத் தாளின் நகலை, பெயரையும் ஆஸ்பத்திரி முத்திரையையும் மறைத்து, இத்துடன் வைத்திருக்கிறேன். இடமிருந்தால் கடிதத்தைச் சுருக்கிக்கொண்டு அதையே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்