பகலில் தூங்குகிறவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் சென்னையில் உள்ள வீடற்றோர் காப்பகங்களைப் பற்றி அரைப் பக்கத்துக்குக் கட்டுரை வந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரியைப் போட்டுவிட்டார். சோறும் படுக்க இடமும் இலவசமாகக் கிடைப்பதால் பலர் வேலை தேடாமல் பட்டப்பகலிலும் தூங்குகிறார்களாம். பதினொரு மணிக்கு அவர் போனபோது ஏழெட்டுப் பேர் போர்வையை இழுத்து மூடிக் கிடந்தார்களாம்.

அதில் ஒரு போர்வைக்குள் இருந்தவன் நான். அண்ணா நகரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு இரவுக் காவலாளி. ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை வேலை. மாற்றாள் தாமதமாக வந்து, நான் பஸ் பிடித்து, குளிக்க வரிசையில் நின்று, படுத்துக் கண் அசந்தபோதுதான் நிருபர் வந்திருக்கிறார். நான் காவல் இருக்கும் குடியிருப்பிலும் சில வீடுகளுக்கு உங்கள் பத்திரிகை வருகிறது. விடியற்காலையில் பேப்பர்காரத் தம்பி போட்டுவிட்டுப் போனதும் முதலில் படிப்பவன் நான்தான். அப்புறம் கசங்காமல் மடித்து அந்தந்த வாசலில் வைத்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் படித்தேன், மடித்து வைத்தேன்.

எனக்குப் பக்கத்தில் தூங்கியவர் கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிறவர். அங்கே சரக்கு லாரிகள் ராத்திரியில்தான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கடுத்த பையன் காசிமேட்டில் ஐஸ் பெட்டி இறக்குகிறான். இன்னொருவர் கான்ட்ராக்ட் சமையலுக்கு எடுபிடி ஆள், மறுநாள் முகூர்த்தம் என்றால் ராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பார். நிருபர் யாராவது ஒருவரை எழுப்பிக் கேட்டிருக்கலாம். திட்டியிருப்போம், ஆனால் பதிலும் சொல்லியிருப்போம்.

கட்டுரையின் பலன் மறுநாளே கிடைத்துவிட்டது. காப்பகத்தை நடத்தும் தொண்டு நிறுவனத்திலிருந்து பொறுப்பாளருக்குப் போன். காலை ஒன்பதுக்கு மேல் ஹாலில் யாரும் படுக்கக் கூடாது, பாயைச் சுருட்டிவிட்டு வெளியே போய்விட வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பலாம். ஆறு மணிக்குத் திரும்பி நான் என்ன செய்ய? ஏழு மணிக்கு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியவன். இப்போதெல்லாம் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, தாம்பரம் போய்த் திரும்பி, அதிலேயேதான் தூக்கம். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். அடுத்த கட்டுரையில் ஓசிப் பயணம் என்று எழுதிவிடாதீர்கள்.

இலவசச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பகத்தில் இரவுச் சாப்பாடு வருவது எட்டரைக்கு. அப்போது நான் கேட் அருகே நாற்காலியில் இருப்பேன். எனக்கு எடுத்து வைக்க ஆள் கிடையாது, கேட்டால் விதி கிடையாது. காலையில் அம்மா உணவகத்தில் 1 ரூபாய் இட்லி. 2013-ல் தொடங்கியபோதும் 1 ரூபாய்தான், இன்றும் அதே விலைதான். அதைக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறேன். நடுவில் யாராவது பிள்ளை பிறந்தநாளுக்குப் பிரியாணி கொண்டுவருவார்கள். நல்ல மனசு, வாழ்க. ஆனால் குழந்தை கையால் பொட்டலம் கொடுத்து, நாங்கள் சிரித்து, வீடியோ சரியாக வரவில்லை என்றால் பொட்டலத்தைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்து, அதற்குள் சோறு ஆறிவிடும். ஒருமுறை சிரிக்காமல் நின்ற பெரியவரைப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் மூன்று பேர், அவர்கள் பிறந்தநாளெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்திருக்குமே!

உங்களுக்குத் தெரியாதது இல்லை. உச்ச நீதிமன்றம் 2010-ல் உணவு உரிமை வழக்கில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் ஊருக்கு எத்தனை வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதாரத் திட்ட விதிகள், காப்பகத்தில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டும் என்றன. எங்கள் ஹாலில் நான் புரண்டு படுத்தால் மூட்டை தூக்குகிறவர் விழித்துக்கொள்வார். சுவிட்ச் போர்டு ஒன்றே ஒன்று, போன் சார்ஜ் போடத் தினம் தகராறு. போட்டுவிட்டுப் பக்கத்திலேயே காவல் நிற்க வேண்டும், அங்கேயும் காவல்காரன்தான். அதிகாரிகள் வரும் நாளில் பீரோவிலிருந்து புதுப் போர்வைகள் வெளியே வரும். அவர்கள் கார் தெரு முனை திரும்பியதும் உள்ளே போய்விடும். இருமிக்கொண்டே இருப்பவரைத் தனியாகப் படுக்க வைக்க இடம் இல்லை, அவருக்கு என்ன நோய் என்று கேட்டால் நம்மைத்தான் முறைக்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் நகர்ப்புற வீடற்றோர் வழக்கு விசாரணைக்கு வந்தபோது அதே உச்ச நீதிமன்றத்தில், இலவசங்களால் மக்கள் உழைக்க விரும்புவதில்லை என்று நீதிபதி வாய்மொழியாகச் சொன்னார். உங்கள் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. பெரிய இடம், நான் ஒன்றும் சொல்லக் கூடாது. 2010 உத்தரவும் அங்கிருந்துதான் வந்தது என்பதை மட்டும் அந்தச் செய்தியின் ஓரத்தில் நீங்கள் போட்டிருக்கலாம்.

சம்பாதிக்கிறாயே, ரூம் எடுக்க வேண்டியதுதானே என்பார்கள். எனக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது 12,000. ஒரு சின்ன ரூம் 6,000 என்றால் அட்வான்ஸ் பத்து மாதம், 60,000. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் சரி என்று அதிலேயே ஒரு வழியும் வைத்திருக்கிறது. பணத்தைப் புரட்டினாலும், மனைவி தவறிப்போய் தனியாக இருக்கிற அறுபதை நெருங்கும் ஆளுக்கு வீட்டுக்காரர்கள் தருவது இல்லை. ஃபேமிலிக்கு மட்டும் என்று போர்டு. அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து திருடன் வராமல் பார்த்துக்கொள்ள மட்டும் தனி ஆள் பரவாயில்லை. காப்பக முகவரியில் ஆதார் கிடைத்தது. ரேஷன் கார்டு கிடைக்கவில்லை, தனிச் சமையலறை இருக்க வேண்டுமாம். அந்தக் கார்டில் பெயர் இருந்தால்தான் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை. இதையும் ஒரு நாள் அரைப் பக்கத்துக்கு எழுதலாமே.

இன்னொன்றும் மனசில் கிடக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்கால ராத்திரி, காப்பகத்தில் நாங்கள் படுத்திருந்ததை ஒரு பத்திரிகைக்காரர் படம் பிடித்துப் போட்டார். என் முகம் தெளிவாக இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நான் கம்பெனி குவார்ட்டர்ஸில் தங்கியிருக்கிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். அப்புறம் அவள் போன் பேசுவது குறைந்துபோனது. அது உங்கள் பத்திரிகையா என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களிடம் பழைய இதழ்கள் இருக்கும்.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். இரவு வேலைக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால், காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை ஹாலின் ஒரு பக்கத்தில் லைட்டை அணைத்துவிட்டுப் படுக்க விட வேண்டும். ஏழு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு முந்தின வேளைச் சோறு இருந்தால்கூடக் கட்டிக் கொடுத்தால் போதும். பொறுப்பாளரிடம் 2010 உத்தரவைச் செல்போனில் காட்டினேன், அதெல்லாம் டெல்லிக்குத்தான் என்றார். ஆகவே 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்ற அந்த உத்தரவை, சென்னைக்கும் பொருந்தும் என்று சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை இதழிலேயே கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெட்டி எடுத்துப் போய்க் கொடுக்கிறேன். நான் சொன்னால் எடுபடாது, பேப்பரில் வந்தால் எடுபடும் என்பதைத்தான் போன வாரமே பார்த்துவிட்டோமே.

என் பெயரையும் காப்பகம் இருக்கும் இடத்தையும் தயவுசெய்து போட வேண்டாம்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
சென்னை