ஜன்னல் விஷயமாக

கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பி,

நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசினாயே, அப்போது உன் தலைக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியின் கீழ்மூலையில் வெள்ளையாக உறைந்திருந்தது. அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தாய். அம்மா கண்ணில் அது படவில்லை. நீ டூர் போக வண்டி வாங்கியிருக்கிறாய் என்றுதான் அவள் தெருவெல்லாம் சொல்கிறாள். நானும் மறுக்கவில்லை.

ஐஸ் கம்பெனியில் 31 வருஷம் கிடந்தவன் நான். அங்கே வெளிச்சூடு உள்ளே வராமல் பார்த்தோம், உனக்கு உள்சூடு வெளியே போகக் கூடாது. வேலை ஒன்றுதான். தெர்மகோல் சுவரில் தடுப்பது தெர்மகோல் இல்லை, அதற்குள் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. உன் வண்டியில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி, அலுமினியச் சட்டம். அலுமினியம் சூட்டைக் கடத்திவிடும். மூலையில் முதலில் உறைவது அதனால்தான்.

பார்சலில் வருகிற குமிழி பிளாஸ்டிக், நீயும் அக்காவும் உடைக்கச் சண்டை போடுவீர்களே, அதை ஜன்னல் அளவுக்கு வெட்டு. கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழிப் பக்கம் கண்ணாடியில் படும்படி ஒட்டு. பசை வேண்டாம். அதன் மேல் சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, தலைமுடி காயவைக்கும் மெஷினைக் காட்டு. மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஓரத்தில் ஒரு இடுக்கு இருந்தாலும் ஈரக்காற்று உள்ளே போய்விடும், பார்த்துச் செய். கோடையில் வெள்ளித் தாளை வெளிப்பக்கம் கட்டு, வெயில் கண்ணாடிக்கு வருமுன்னே திரும்பிவிடும்.

சிவப்புக் கைப்பிடி வைத்த ஜன்னலை மட்டும் நிரந்தரமாக அடைக்காதே. தீப்பிடித்தால் வெளியே குதிக்க வைத்திருப்பது அது. அதற்குச் சட்டென்று உருவுகிற மாதிரி ஏதாவது சொருகி வை.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயாதே. கேஸ் எரிந்தால் நீராவி வரும், அதுவும் உன் மூச்சும் சேர்ந்துதான் கண்ணாடியில் வழிகிறது. வழிந்தால் துடைத்துக்கொள்ளலாம். அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு அப்படி இல்லை. பிளாண்டில் அமோனியா கசிந்தால் மூக்கே சொல்லிவிடும், ஓடிவிடுவோம். இதற்கு வாசனையே கிடையாது. கூரை வென்ட் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். அந்த வாயு வந்தால் கத்துகிற அலாரத்துக்கு பேட்டரி போட்டாயா?

வயரிங் எல்லாம் நீயே செய்தேன் என்றாய். சந்தோஷம். தானே புயலன்று, 2011 டிசம்பர் 30, ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போனதும் கட்டில் பலகையை முதுகால் முட்டுக்கொடுத்து விடியும்வரை நின்ற பிள்ளை நீ. இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு அப்பனுக்கு ஒரு போன் போட நேரமில்லை. தீபாவளிக்குப் பிறகு இரண்டே தடவை. கல்கரியில் மைனஸ் 25 என்று என் போனில் காட்டுகிறது. அலாரத்தை மறந்துவிடாதே.

மாடி இப்போது வேண்டாம் அப்பா, கையில் இல்லை என்றுதான் நீ சொன்னாய். எதிர்வீட்டுக்காரன் கட்டிவிட்டான் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். பணம் வந்தது. எங்கே புரட்டினாய் என்று அன்றும் கேட்கவில்லை, வாடகை வீட்டை ஏன் காலி செய்தாய் என்று இன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் எனக்குத் தெரிந்த பதிலாக இருக்குமோ என்று பயம். மேலே எட்டு ஜன்னல், எட்டுக்கும் கொசுவலை. உப்புக்காற்றில் கொக்கியெல்லாம் துருப்பிடித்து இரண்டு திறக்கவே வரவில்லை. மிளகாய் காயப்போடுவதற்குத்தான் அம்மா அந்தப் பக்கம் போகிறாள்.

மாடியைப் பொங்கல் கழிந்ததும் வாடகைக்கு விடப்போகிறேன். வருகிற பணம் உன் கணக்குக்கு வரும். வேண்டாம் என்று சொல்லாதே. அம்மாவிடம் நான் வேறு ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

பேட்டரி போட்டதும் ஒரு வரி அனுப்பு. என் நம்பருக்கு மட்டும்.

அப்பா