தூளிக்குக் குறிப்புத் தாள் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘பிறக்கப்போகும் குழந்தைக்கு வாங்க வேண்டியவை’ என்ற பட்டியல் ஆண்டுக்கு இரண்டு முறையாவது தமிழ் நாளிதழ்களின் இணைப்புகளில் வந்துவிடுகிறது. தள்ளுவண்டி, மரக்கட்டில், பாட்டில் சூடாக்கி என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதி, குழந்தைக்கெனத் தனி அறையும் வீட்டு வாசலில் ஒழுங்கான நடைபாதையும் இருக்கிற ஊர்களுக்கு உரியது. நம் வீட்டுக் குழந்தை தூங்குவது தூளியில். சில ஊர்களில் அதை ஏணை என்பார்கள். பாலும் மருந்தும் உள்ளே போவது சங்கில். கடையில் வாங்கும் பொருளுக்குள் ஒரு குறிப்புத் தாளாவது மடித்து வைத்திருப்பார்கள். தூளிக்கும் சங்குக்கும் அது கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் தூளி. துணி பழைய பருத்திப் புடவையாக இருக்கட்டும். பாலியஸ்டர் புடவையில் போட்ட முடிச்சு ஆட்ட ஆட்ட நழுவும், காற்றும் புகாது. புடவையில் முதலில் நைந்துபோவது முடிச்சு விழுந்த இடம்தான். வாரம் ஒருமுறை முடிச்சை அவிழ்த்து அந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை விட்டிருந்தால் புடவையை மாற்றிவிடுங்கள். உத்தரத்துக் கொக்கியும் எஸ் வடிவக் கொக்கியும் உரசும் இடத்தில் இரும்பு தேய்ந்து பள்ளம் விழும். அங்கே விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் போட்டிருந்தால் அதன் நடுவே ஒரு கயிற்றை விட்டு, மேல் கொக்கியையும் கீழ்க் கொக்கியையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஸ்பிரிங் முழுதாக நீளும் அளவுக்கு மேல் நான்கு விரல் கூடுதலாகக் கயிறு இருந்தால் போதும். ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி தரைக்கு வராது. முதல் நாள் குழந்தையைப் போடுவதற்கு முன் இருபது கிலோ அரிசி மூட்டையைப் போட்டுப் பத்து நிமிடம் ஆட்டிப் பார்ப்பது நல்லது. தூளியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். கீழே மெத்தை கிடக்கட்டும்.

கொக்கியைவிட நாங்கள் அதிகம் அஞ்சுவது குழந்தையின் கழுத்தைப் பற்றி. பிறந்த குழந்தைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது. ஆழமான தூளியில் நீளவாக்கில் போட்டால் முதுகு வில்லாக வளைந்து முகவாய் நெஞ்சில் போய் முட்டும். சின்னஞ்சிறு மூச்சுக்குழாய் அந்த வளைவில் மடங்கிவிடும். குழந்தை அழக்கூட அழாது, அசந்து தூங்குகிறது என்றே வெளியில் தெரியும். முகவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். புடவையின் இரு பக்கமும் முகத்தின் மேல் மூடிக்கொள்ளாதபடி, மேலே குறுக்கே ஒரு கம்பு வைத்துத் துணியை அகட்டிவிட வேண்டும். இதைப் பல வீடுகளில் இப்போது விட்டுவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக உள்ள குழந்தைக்கும் தூளியே வேண்டாம். அந்தக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி துணியால் சேர்த்துக் கட்டி வைத்திருப்பதுதான் நல்லது. ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை அப்படி வைத்திருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மற்ற குழந்தைகளுக்கும் தூளி என்பது பகலில், விழித்திருக்கும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். இரவில் கெட்டியான, சமமான விரிப்பில் மல்லாத்திப் போடுங்கள். கடுகுத் தலையணை, பஞ்சுத் தலையணை, சுற்றிலும் அண்டை கொடுக்கும் பொம்மை எதுவும் வேண்டாம். தலை உருண்டையாக வர வேண்டும் என்றுதான் கடுகுத் தலையணை வைக்கிறார்கள். அதற்கு, விழித்திருக்கும் நேரத்தில் ஒரு நாளைக்குப் பலமுறை சில நிமிடங்கள் குப்புறப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தால் போதும். குழந்தை தானாகக் குப்புற விழத் தொடங்கிய அன்றே தூளியை அவிழ்த்துவிட வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் தூளித் துணியை எட்டாத உயரத்துக்குச் சுருட்டிக் கட்டி வையுங்கள். வீட்டிலுள்ள ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் அதில் ஏறி முறுக்கிச் சுற்றி விளையாடுவார்கள். முறுக்கு அவிழும் வேகத்தில் துணி கழுத்தை இறுக்கிய மரணங்கள் நம் செய்தித்தாள்களிலேயே வந்திருக்கின்றன.

அடுத்தது சங்கு அல்லது பாலாடை. நேரடியாக உறிஞ்சிக் குடிக்க இயலாத குழந்தைக்கு இது பாட்டிலைவிட நல்லது, கழுவுவதும் எளிது. ஆனால் வாங்கும்போது பூவேலைப்பாடு இல்லாத வழவழப்பான சங்காகப் பாருங்கள். சீர் வரிசையில் வரும் வெள்ளிச் சங்கின் இடுக்குகளில் பால் ஏடு ஒட்டிக்கொண்டு புளிக்கும். அது பூஜை அறையிலேயே இருக்கட்டும். புகட்டும் முறையில்தான் தவறு நடக்கிறது. மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து, தொண்டைக்குள் ஊற்றுவார்கள். புரை ஏறி நுரையீரலுக்குப் பால் போவது இதனால்தான். குழந்தை விழித்திருக்க வேண்டும். தலையும் முதுகும் ஒரே நேராக, பாதி உட்கார்ந்த வாக்கில் இடது கையில் சாய்த்துப் பிடியுங்கள். சங்கில் பாதி அளவே பால் எடுங்கள். சங்கின் மூக்கைக் கீழுதட்டின் மேல், கடைவாய் ஓரமாக வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துவிட்டுக் காத்திருங்கள். குழந்தையே நக்கி இழுத்துக்கொள்ளும். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். சங்கையும் கிண்ணத்தையும் சோப்பு நீரில் கழுவி, தண்ணீரில் முழுதாக மூழ்கியபடி பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள்.

சங்குக்கான பாலைப் பீய்ச்சப் பம்பு வாங்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் சில மில்லி லிட்டர்தான் வரும். பம்பில் அது குழாயோரம் ஒட்டியே வீணாகும். கையைக் கழுவி, வாயகன்ற எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே கட்டைவிரல் மேலும் ஆட்காட்டி விரல் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு இரு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். விரலைத் தோலின் மேல் இழுக்கக் கூடாது. வலிக்கும், பாலும் வராது.

வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பம்பு உதவும். ‘பம்பு வாங்கினேன், பால் வரவில்லை’ என்ற புகாரில் பெரும்பாலும் பழுது மோட்டாரில் இருக்காது. ஒன்று, மார்பில் பொருத்தும் புனலின் அளவு. பல பம்புகளோடு 24 மில்லி மீட்டர் புனலே வருகிறது. காம்பின் அடிப்பகுதி விட்டத்தை அளந்து, ஒன்று முதல் மூன்று மில்லி மீட்டர் கூட்டிக்கொண்டால் அதுவே உங்கள் அளவு. சிறியதாக இருந்தால் காம்பு உரசி வெளுக்கும், பெரியதாக இருந்தால் கருவட்டமும் சேர்ந்து உள்ளே இழுபடும். இன்னொன்று, வாத்து மூக்குப் போலிருக்கும் சிறு ரப்பர் வால்வு. அதன் பிளவு ஒட்டி மூடியிருக்க வேண்டும், லேசாகத் திறந்து நின்றாலே இழுவிசை போய்விடும். தினமும் பயன்படுத்தினால் இரண்டு, மூன்று மாதத்தில் இதை மாற்ற வேண்டியிருக்கும். பம்பு வாங்கும்போதே ஒரு ஜோடி வால்வு கூடுதலாக வாங்கி வையுங்கள். பால் மோட்டார் வரை போகக்கூடிய அமைப்புள்ள பம்பை இரண்டாம் கையாக வாங்காதீர்கள், அதன் உட்புறத்தைக் கழுவ வழியில்லை.

எடுத்த பால் 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். நம்மூர் சித்திரை வெயிலில் அந்தக் கணக்கு செல்லாது, உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கதவில் வைக்காமல் உட்புறம் வைத்தால் நான்கு நாள் இருக்கும். சூடாக்க, கிண்ணத்தை வெந்நீரில் நிறுத்தினால் போதும், அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

பால் போதவில்லையோ என்ற சந்தேகத்தில்தான் பலர் பாட்டிலுக்குப் போகிறார்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் போனால் பால் போதுமானதாக இருக்கிறது. பிறந்த எடை முதல் சில நாளில் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும்.

பாட்டில், மாவுப் பால் விஷயத்தில் தங்களிடமும் ஒரு வார்த்தை. 1992-ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்று உணவுச் சட்டமும் அதன் 2003 திருத்தமும், பால் மாவு, பால் புட்டி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கின்றன. அவற்றை விற்பதற்காகத் தாய்மாருக்கு மாதிரியோ பரிசோ தருவதும் குற்றம். ‘வளைகாப்புச் சலுகை’ விளம்பரங்களின் ஓரத்தில் புட்டிப் படம் தலை காட்டும்போது தங்கள் விளம்பரப் பிரிவு இதை நினைவில் கொள்ளட்டும்.

வாக்கர் வண்டிக்கு ஒரு பத்தி போதும். இதன் விற்பனையைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. குழந்தை நொடியில் வாசற்படிக்கோ அடுப்படிக்கோ போய்விடும், நடையும் சீக்கிரம் வராது. நம் மர நடைவண்டி வேறு. குழந்தை தானே எழுந்து நின்று, பின்னாலிருந்து தள்ளுவது அது.

பணம் இருப்பவர்கள் தாராளமாகச் செலவழிக்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சொந்தக் கார் வைத்திருந்தால், அதற்கான குழந்தை இருக்கை. மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது முன் இருக்கையில் பாட்டி மடியில் குழந்தை வருவதுதான் வழக்கம். திடீர் பிரேக்கில் கை தாங்காது, ஏர்பேக் வெடித்தால் குழந்தை பிழைப்பது அரிது. இருக்கை பின் வரிசையில், குழந்தையின் முகம் காரின் பின்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் காரைக் கடைவாசலுக்குக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். சில சிறிய கார்களில் சீட் பெல்ட்டின் நீளம் போதாது. மாட்டியபின் பெல்ட் செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. தோள் வாரை இரு விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. போர்வையை வாருக்கு மேலே போர்த்துங்கள், உள்ளே வைத்தால் வார் தளர்ந்துவிடும். வெயிலில் நின்ற காரில் கொக்கியின் உலோகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தையை உட்கார வையுங்கள். இரு சக்கர வண்டியைப் பொறுத்தவரை, 15.2.2023 முதல் நடப்பிலுள்ள மத்திய விதி, நான்கு வயது வரை ஓட்டுபவரோடு இணைக்கும் வாரும், ஒன்பது மாதம் முதல் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கி.மீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒன்பது மாதத்துக்கும் சிறிய குழந்தைக்கு ஏற்ற தலைக்கவசமே கிடையாது. ஆட்டோ பிடியுங்கள்.

வாங்கும் முன் எது இலவசமாக வருகிறது என்று பார்ப்பதும் நல்லது. 2015-ல் தொடங்கிய அரசின் குழந்தை நலப் பெட்டகத்தில் கொசுவலை, படுக்கை, துண்டு, நகவெட்டி என 16 பொருட்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து ரூ.18,000. தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பவர்களும் முதல் மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பெற்றுவிட வேண்டும். பிறப்புச் சான்றுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

அடுத்த முறை தங்கள் இணைப்பில் பட்டியல் வரும்போது, தள்ளுவண்டிப் படத்துக்குப் பதில், தேய்ந்த தூளிக் கொக்கி ஒன்றைக் கிட்டத்தில் எடுத்த படம் போட முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மகப்பேறுப் பிரிவு செவிலியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்.