காமாலை என்று நினைத்த காய்ச்சல்

கோராபுட், ஒடிசா

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வார்டில் மலேரியாக்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் கம்பெனி விடுதியில் இருக்கும் ஒடியா பையனைப் பற்றிப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. கண் மஞ்சளானதும் கீழாநெல்லி கொடுத்தார்கள், அப்புறம்தான் மலேரியா என்று தெரிந்தது, இப்போது டயாலிசிஸ் என்கிறாய். கொசுக்கடிக் காய்ச்சல் எப்படி ஈரல், கிட்னி வரை போகும் என்று கேட்டிருந்தாய்.

ஃபால்சிபேரம் வகை மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். உறுப்புகளுக்கு ரத்தம் சரியாகப் போகாது. இன்னொரு பக்கம் அணுக்கள் உடைந்துகொண்டே இருக்கும். அந்த மஞ்சளுக்கு ஈரல் மட்டும் காரணமில்லை, உடைந்த அணுக்களும்தான். அவற்றிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் மஞ்சளும் கிட்னி பாதிப்பும் அதிகம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டினால் தீவிர மலேரியா என்றே எடுத்துக்கொள்வோம். சிறுநீர் வரவில்லையே என்று சலைனை ஏற்றிக்கொண்டே போவதும் ஆபத்து, நுரையீரலில் நீர் கோர்த்துவிடும்.

நான் அதிகம் பயப்படுவது சர்க்கரை குறைவதற்கு. கிருமியும் சர்க்கரையைத் தின்னும், ஈரலாலும் புதிதாகத் தயாரிக்க முடியாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் பழைய கொய்னா மருந்து, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை வேறு கூட்டிவிடும். சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நினைவே தப்பலாம். மூளை மலேரியா என்று முடிவு கட்டும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தே ஆகவேண்டும். ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறினாலோ, ஆள் ஆழமாக மூச்சு வாங்குவார்.

இப்போது கொய்னாவுக்குப் பதில் ஆர்டிசுனேட் ஊசி இருக்கிறது. இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியாவில் நடத்தி 2005-இல் வெளிவந்த ஆய்வில், கொய்னா கொடுத்தவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள். இந்த ஊசி போட்டவர்களில் 15 சதவீதம்.

டயாலிசிஸ் என்றால் ஆயுசுக்கும் என்று அவன் அண்ணன் அழுததாக எழுதியிருந்தாய். அவரிடம் சொல்: மலேரியாவில் பிழைத்து எழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் கிட்னி தானே வேலை செய்யத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் ஹீமோகுளோபினைப் பார்க்கச் சொல்; இந்த ஊசிக்குப் பிறகு சிலருக்கு ரத்தம் தாமதமாகக் குறையும்.

விடுதியில் இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், சமீபத்தில் ஊருக்குப் போய் வந்தாரா என்று கேள். ஆம் என்றால் அன்றைக்கே மலேரியா டெஸ்ட். பையனுக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது, கிரியேட்டினின் எவ்வளவு என்று உடனே எழுது.

அன்புடன்,
ரவி