அந்தப் பழைய பெட்டி இங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, கவலைப்படாதே.

புது கம்ப்யூட்டர் வாங்கி அனுப்புகிறேன், பழைய பெட்டியைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள் என்று போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே யாராவது ஜெராக்ஸுக்கு வந்து நிற்கிறார்கள். புதுசு வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் பழையது கடையை விட்டுப் போகக்கூடாது.

அதன் சுவிட்சைத் தட்டினால் முதலில் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும்: லினக்ஸ் மின்ட், அதற்குக் கீழே விண்டோஸ். விண்டோஸைத் தொட்டால் இன்னொரு பட்டியல்: விண்டோஸ் 7, அல்லது 'முந்தைய பதிப்பு'. அந்த முந்தைய பதிப்புதான் எக்ஸ்பி. ஒரே பழைய கோர் 2 டுயோ பிராசஸர், 4 ஜிபி ராம், அதற்குள் மூன்று இயங்குதளங்கள் குடித்தனம். பேங்க், மெயில், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் மின்டில். லேசர் பிரிண்டரும் பத்திரிகை டிசைனும் 7இல். எக்ஸ்பி எதற்கு என்பதுதான் உன் கேள்வி.

போன வைகாசியில் நம்ம தமிழையா பேரன் கடைக்கு வந்திருந்தான். ஐயா ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாரே, நினைவிருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புரூஃப் தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருப்பாய், அந்தப் புத்தகம். ஐயா இப்போது இல்லை. வீட்டில் ஒரே ஒரு பிரதி, அதையும் கரையான் அரித்துவிட்டது, மறுபதிப்பு போட முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். எக்ஸ்பிக்குள் போய், அப்போது புத்தகப் பக்கம் அமைத்த சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரைத் திறந்தேன். முன்னுரை முதல் பிழைதிருத்தம் வரை, ஐயா பென்சிலால் குறித்துக் கொடுத்த மாதிரியே அத்தனையும் இருந்தது. அந்தப் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தான்.

அதே ஃபைலை நீ உன் லேப்டாப்பில் இப்படி முழுதாகத் திறப்பது கஷ்டம். பேஜ்மேக்கர் 7ஐ அடோபி 2001இல் விட்டது. அதற்கப்புறம் 8 என்று ஒன்று வரவே இல்லை. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடும் அதற்குத் தெரியாது. நாங்கள் அப்போது தட்டியதெல்லாம் பாமினி மாதிரி ஃபாண்டில்தானே. அதில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும் உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கில விசைகள்தான். ஃபாண்ட் இல்லாத இடத்தில் அது வெறும் குப்பையாகத் தெரியும். 1999இல் அரசு டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்தியது, 2010இல் யூனிகோடுக்கு வந்தது. ஆனால் நம்மைப் போன்ற சின்னக் கடைகளில் ஒவ்வொருவரும் கையில் கிடைத்த ஃபாண்டிலேயே வருஷக்கணக்கில் ஓட்டினோம். போதாததற்கு, அந்தத் தமிழ் சாஃப்ட்வேர் ஓடுவதற்குப் பூட்டுச்சாவி மாதிரியான டாங்கிள், பின்னால் பழைய பிரிண்டர் செருகும் எல்பிடி போர்ட்டில் இருக்கிறது. அதற்கு எக்ஸ்பிக்கு அப்புறம் டிரைவரே இல்லை. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்றாய். 4 ஜிபி ராமில் ஒன்றுக்குள் ஒன்று ஓட்டினால் நகராது, அந்த டாங்கிளை உள்ளே கொண்டுபோவதும் பெரும்பாடு.

விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இந்தப் பிராசஸரை ஏற்றுக்கொள்வதும் இல்லை. 10க்கும் 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. மின்டில் இந்த இயந்திரம் இன்னும் நன்றாகவே இணையத்தில் ஓடுகிறது என்பதை நீயே வந்து பார்.

வைரஸ் பற்றி நீ பயப்படுவது நியாயம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2017இல் வான்னாகிரை என்ற வைரஸ் பரவியபோது விதிவிலக்காக ஒன்று கொடுத்தார்கள். அதனால்தான் எக்ஸ்பியில் நெட்வொர்க் கார்டையே டிவைஸ் மேனேஜரில் முடக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் கேபிள் இருந்தாலும் இல்லாதது போலத்தான். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவும் முதலில் மின்டில்தான் திறக்கும்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி. நான் ஊரில் இல்லாதபோது ஏதாவது ஆனால் நீதான் பார்க்கவேண்டும்.

திரும்பப் போட நேர்ந்தால் வரிசை மாறக்கூடாது: எக்ஸ்பி, அப்புறம் 7, கடைசியில் மின்ட். பின்னால் வந்தவைக்கு முன்னால் வந்தவற்றைத் தெரியும். எக்ஸ்பிக்குத் தனக்குப் பின் யார் வந்தார்கள் என்று தெரியாது. அதை இடையில் புதிதாகப் போட்டால் டிஸ்கின் தலைப்பில், கம்ப்யூட்டரைத் துவக்கும் தன் பூட் குறிப்பை எழுதி மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ஃபைல்கள் போயிருக்காது. 7இன் டிவிடியில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்புறம் மின்ட் பென்டிரைவில் பூட் ரிப்பேர், இரண்டும் போதும். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ஹார்ட் டிஸ்க் இணைப்பைச் சொல்லும் சாட்டா என்ற இடம் ஐடிஈ என்றே இருக்கட்டும். யாராவது ஏஹெச்சிஐ என்று மாற்றினால் எக்ஸ்பி நீலத் திரை காட்டி நின்றுவிடும். டிஸ்கைப் பிரித்திருப்பது பழைய எம்பிஆர் முறையில், அதில் நான்கு பிரைமரி பகுதிக்கு மேல் போகாது, அதனால்தான் மின்டை எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் வைத்தேன். பழைய நிலைக்குத் திரும்ப 7 சேமித்து வைக்கும் ரீஸ்டோர் பாயிண்டை நம்பாதே, எக்ஸ்பிக்குள் போய்வந்தால் அவை அழிந்துவிடும்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரி என்று நினைத்துவிடாதே. லினக்ஸ் போர்டின் கடிகாரத்தை யூடிசி என்ற உலகப் பொது நேரமாக வைக்கும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி பில்லில் நாலரை என்று அச்சாகும். மின்டில் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளச் சொல்லி டெர்மினலில் ஒரு வரி கொடுத்தால் சரியாகிவிடும். அந்த வரியை மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் என்றைக்கும் இப்படியே ஓடும் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு புத்தகமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். பேஜ்மேக்கரிலிருந்து மேட்டரை எடுத்து, 7இல் பழைய ஃபாண்ட் எழுத்தை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு, அப்புறம் வரிவரியாகப் படிக்கவேண்டும். மொத்தமாக மாற்றினால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாக மாறிவிடும். ஐயா நிறைய ஆங்கில நூல்களைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார், அதனால் மெதுவாகத்தான் போகிறது. இந்த ஊர்க்காரர்கள் எழுதிய கவிதை, குடும்ப வரலாறு, கோயில் மலர் எத்தனையோ அதில் இருக்கிறது. பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. நம்மை நம்பிக் கொடுத்தார்கள்டா. எல்லாம் மாறி முடிகிற வரைக்கும் அந்தப் பெட்டி ஓடியாகவேண்டும்.

எனக்கு இருக்கும் ஒரே பயம் ஹார்ட் டிஸ்க்தான். கொஞ்ச நாளாக ஃபைல் திறக்கும்போது கடகடவென்று சத்தம் வருகிறது. பொங்கலுக்கு வரும்போது 500 ஜிபியில் இரண்டு ஹார்ட் டிஸ்கும், அவற்றை யூஎஸ்பியில் மாட்டும் சாட்டா கேபிளும் வாங்கிவா. குளோன்ஸில்லா என்ற நகலெடுக்கும் சாஃப்ட்வேரில் முழு டிஸ்கையும் அப்படியே நகல் எடுத்துவிடலாம். ஒரு நகல் நம் பீரோவில், இன்னொன்று உன்னிடம். புது கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் இதைச் செய், மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா