விலாங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பரமட்டா ஈல்ஸ், அதாவது விலாங்குகள், என்ற ரக்பி லீக் கழகத்தை நடத்துபவர்களுக்கும், பயிற்சியாளர் ஜேசன் ரைல்ஸ் அவர்களுக்கும், நீலமும் தங்கமும் உடுத்தி மைதானத்தில் இறங்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் மேற்கு சிட்னியின் துங்காபியிலிருந்து வணக்கம்.

2026 பருவம் நெருங்கிவிட்டது. இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘நாற்பது வருடம்’ என்ற பேச்சுத்தான் காதில் விழும். 1986இல் வென்ற கிண்ணத்துக்குப் பிறகு நமக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. ஒருமுறையாவது கிண்ணம் தூக்கி, இன்றும் ரக்பி லீக்கின் உச்சப் போட்டியான என்.ஆர்.எல்.லில் ஆடிக்கொண்டிருக்கிற கழகங்களில் வேறு எவரும் இவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஆனால் இந்த மடலில் நான் கிண்ணம் கேட்கப் போவதில்லை. அது பக்கத்து வீட்டுக்காரரிடம் மழை கேட்கிற மாதிரி. உங்களால் தரக்கூடிய ஒன்றைத்தான் கேட்கப் போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து 1995இல் சிட்னிக்கு வந்தவன். ஊரில் ரக்பி என்றால் கண்டியும் கொழும்புப் பள்ளிக்கூடங்களும்தான் நினைவுக்கு வரும். அது பதினைந்து பேர் ஆடும் யூனியன். பதின்மூன்று பேர் ஆடும் லீக் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஸ்மித்ஃபீல்டில் நான் வேலை செய்த தொழிற்சாலையில், சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே ஒரு பெரியவர் உட்காருவார். வென்ட்வேர்த்வில்லில் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் உப்புச் சாடியையும் சோஸ் போத்தலையும் என் இடியப்பப் பெட்டியின் மூடியையும் வரிசையாக வைத்து ஆட்டத்தைச் சொல்லித்தந்தார். ஆறு டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவரை எதிராளி ஆறு முறை மடக்கி நிறுத்தும்வரை பந்து நம்முடையது; அதற்குள் டிரை போட வேண்டும், அதாவது பந்தை எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும், முடியாவிட்டால் பந்தை எதிராளியிடம் விட வேண்டும். கையால் பந்தை எறிந்தால் பின்பக்கம்தான் எறியலாம், ஆனால் போக வேண்டியது முன்பக்கம். அந்தக் கடைசிச் சங்கதி எனக்கு உடனே பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவரோடு மைதானத்துக்குப் போனவன்தான், இன்றுவரை திரும்பவில்லை.

அவர் சொன்ன கதைகளில்தான் நான் இந்தக் கழகத்தை அறிந்தேன். 1947இல் போட்டிக்குள் வந்து, முதல் கிண்ணத்துக்கு 1981வரை காத்திருந்தது. ஜாக் கிப்சன் பயிற்சியாளர். இறுதிப்போட்டியில் நியூடவுனை 20–11 என்று வென்ற அந்த இரவு, சந்தோஷம் தலைக்கேறிய சனம் சொந்த மைதானமான கம்பர்லண்ட் ஓவலையே கொளுத்திவிட்டது. பிறகு சில வருடங்கள் வீடில்லாமல், பெல்மோரில், அதாவது நமது பரம எதிரி கேன்டர்பரியின் மைதானத்தில் போய் ஆட வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் 1982இலும் 1983இலும் கிண்ணம் வந்தது. 1986இல் புதிய மைதானம் திறந்தது. அதே வருடம் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் கேன்டர்பரியை 4–2 என்று வென்றோம். டிரை ஒன்றுகூட விழாத ஒரே இறுதிப்போட்டி அது. மிக் க்ரோனின் உதைத்த இரண்டு பெனல்டிகள்தான் நம் நான்கு புள்ளிகளும். அவருக்கும் ரே பிரைஸுக்கும் அதுவே கடைசி ஆட்டம். பெரியவர் அன்று அங்கே நின்றிருக்கிறார். “டிரை இல்லை என்று குறை சொல்கிறார்கள். எண்பது நிமிடமும் ஒருத்தனும் டேக்கிள் தவறவிடாததுதான் அந்த ஆட்டம்” என்பார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 2001இல் ஒரே பருவத்தில் 839 புள்ளி குவித்த அணி, இறுதிப்போட்டியின் இடைவேளையில் 24–0 என்று நியூகாசிலிடம் பின்தங்கி நின்றது. 2009இல் மெல்பேர்னிடம் 23–16 என்று தோற்றோம். ஒரு அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள வரம்பை மீறியதற்காக அவர்களிடமிருந்து அந்தப் பட்டத்தை மறுவருடமே பறித்தார்கள், ஆனால் அது நம் கைக்கு வரவில்லை. 2016இல் அதே குற்றத்துக்கு நாமே அகப்பட்டு, அட்டவணையில் 12 புள்ளிகளையும் பத்து லட்சம் டொலரையும் இழந்தோம். 330 ஆட்டம் ஆடிய நேதன் ஹிண்ட்மார்ஷ் ஒரு கிண்ணமும் தொடாமலே ஓய்வு பெற்றார். இவற்றையெல்லாம் நான் கிளறப் போவதில்லை. 2022க்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போகும் விஷயம் அந்த வருடத்துக்குள்தான் இருக்கிறது.

பரமட்டா என்ற பெயர் இந்த மண்ணின் தரக் மக்களுடைய புரமட்டா என்ற சொல்லிலிருந்து வந்தது. விலாங்குகள் இருக்கும் இடம் என்று பொருள். கழகத்தின் பெயரும் அதனால்தான் விலாங்கு. எங்கள் மொழியில் விலாங்கைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: பாம்புக்குத் தலையைக் காட்டும், மீனுக்கு வாலைக் காட்டும். ஆளுக்கு ஆள் மாறி நடப்பவரைக் கண்டால் என் அம்மா அப்படித்தான் சொல்லுவா. 2022இல் உங்களைப் பார்த்தபோதெல்லாம் அம்மாவின் குரல்தான் கேட்டது. அந்த வருடத்தின் சாம்பியன் பென்ரித்தை வழமையான சுற்றுகளில் இரண்டு முறை வீழ்த்தினீர்கள். அவர்களுடைய சொந்த மைதானத்தில் 22–20, நம் மைதானத்தில் 34–10. பாம்புக்குக் காட்டிய தலை அது. அதே வருடம் ஈஸ்டர் திங்களன்று வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் கடைசி நொடிகளில் ஒரே ஒரு புள்ளி தரும் ஃபீல்ட் கோல் உதையால் 21–20 என்று தோற்றீர்கள். டைகர்ஸ் அந்தப் பருவத்தைக் கடைசி இடத்தில் முடித்து ‘மரக்கரண்டி’ என்ற கேலிப் பட்டம் வாங்கிய அணி.

போன பருவமும் வேறு மாதிரி இல்லை. முதல் ஆட்டத்தில் மெல்பேர்ன் நமக்கு 56 போட்டது. கடைசி ஆட்டத்தில் நாம் நியூகாசிலுக்கு 66 போட்டோம். இரண்டும் ஒரே அணி என்று எங்கள் ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவேன்? முடிவில் பதினோராம் இடம். இறுதிச் சுற்றுகளுக்குப் போகும் எட்டு அணிகளுக்குள் வர நாம் பெரிய அணி எதையும் புதிதாக வெல்ல வேண்டியிருக்கவில்லை. வெல்ல வேண்டிய ஆட்டங்களை வென்றிருந்தால் போதும்.

ஆக நான் கேட்பது இதுதான். மழை தூறும் ஒரு வியாழக்கிழமை இரவு, அட்டவணையில் நமக்குக் கீழே கிடக்கும் ஒரு அணியோடு, பாதி இருக்கை காலியாக இருக்கும் ஆட்டத்தில், பென்ரித்தோடு ஆடும்போது போடுகிற அதே டேக்கிளைப் போடுங்கள். ஐந்தாவது டேக்கிளில் உதைத்த பந்தை விரட்டிக்கொண்டு எல்லோரும் ஓடுங்கள், ஒருவர் மட்டும் நடந்து வர வேண்டாம். மேல்தட்டிலிருந்து பார்க்கிற எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். தோற்றாலும் எங்களுக்குக் கவலையில்லை என்று சொல்லமாட்டேன், கவலைதான். ஆனால் ஓடித் தோற்ற இரவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறது. மற்ற இரவுகளில் முடிவதில்லை.

2022 ஒக்டோபர் 2ஆம் திகதியை எங்கள் வீட்டில் யாரும் மறக்கமாட்டோம். அன்று ஒலிம்பிக் பார்க்கில் நமது பெண்கள் அணிக்கும் இறுதிப்போட்டி, ஆண்கள் அணிக்கும் இறுதிப்போட்டி. மகளுக்கு அப்போது பதினொரு வயது. பத்து நகங்களிலும் நீலமும் மஞ்சளும் மாறி மாறிப் பூசியிருந்தாள். பெண்கள் நியூகாசிலிடம் 32–12 என்று தோற்றார்கள். ஆண்கள் இடைவேளைக்கே 18–0 என்று பின்தங்கி, 28–12 என்று முடித்தார்கள். லிட்கம் நிலையத்தில் மாறி ஏறிய ரயில் பென்ரித் போகிற ரயில், அதுதான் துங்காபிக்கும் வர வேண்டும். பெட்டி முழுக்க அவர்களுடைய பாட்டு. மகள் ஒன்றும் பேசாமல் நகப்பூச்சை ஒவ்வொரு விரலாகச் சுரண்டிக்கொண்டு வந்தாள். எதிரே இருந்த பென்ரித் உடுப்புக்காரப் பாட்டி ஒருவர் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டி, “நாங்களும் 2003க்குப் பிறகு 2021வரை காத்திருந்தோம் பிள்ளை” என்றார். மகள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். இறங்கி நடக்கும்போது என்னிடம் கேட்டாள்: “அவர்களுக்குப் பதினெட்டு வருடம்தானே அப்பா? எங்களுக்கு முப்பத்தாறு.” ஒரு கையில் நீலம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவள் இப்போது விளையாடுகிறாள். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பனியில் நின்று பார்க்கிறேன். அதனால் கழகத்தாரிடம் தனியாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. மேற்கு சிட்னியின் பூங்காக்களில் லீக் ஆடுகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சமோவா, டொங்கா, லெபனான் வீட்டுப் பிள்ளைகள், இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றிரண்டு. பென்ரித் 2021இலிருந்து 2024வரை தொடர்ந்து நான்கு கிண்ணம் எடுத்தது, பெரும்பாலும் தன் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகளை வைத்துத்தான். நம் வட்டாரம் அதற்குக் குறைந்ததல்ல. ஆனால் பிளேஸ் தலாகி நம்மிடம் முதல் வருடம் ஆடிவிட்டுப் பென்ரித்துக்குப் போய்விட்டார். டிலன் பிரவுன் நியூகாசிலுக்குப் போய்விட்டார். அவர் ஆடிய ஆட்டங்களுக்கு நன்றி, மனத்தாங்கல் ஒன்றுமில்லை. போகிறவர்களைப் பிடித்து வைக்க முடியாது, சரி. அவர்களுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது இது என் வீடு என்று நினைக்கவைக்க முடியுமே. அதற்குப் பணம் மட்டும் போதாது. மூத்த ஆட்டக்காரர் ஒருவர் சனிக்கிழமை காலையில் ஒரு பூங்காவுக்கு வந்து அரைமணி நேரம் நின்றால், அந்தப் பிள்ளைகள் அதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் வாருங்கள்.

மிட்செல் மோசஸுக்கு ஒரு வார்த்தை. கடந்த இரண்டு வருடமும் காயம் உங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. நீங்கள் இல்லாத வாரங்களில் நம் அணிக்குத் திசை தெரியவில்லை என்பதை ஒவ்வொரு கிக்கிலும் பார்த்தோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்தில் ஆட வரும் ஜோனா பெசெட்டுக்கும் சொல்கிறேன்: நீங்கள் ஒரு வருடத்துக்கு மட்டும் வந்து, பிறகு பிரிஸ்பனுக்குப் போகப்போவது எங்களுக்குத் தெரியும். அதற்காக உங்களை யாரும் வேற்றாளாகப் பார்க்கமாட்டோம். நீங்களும் வாடகை வீட்டில் இருப்பது போல இருந்துவிடாதீர்கள். பின்னால் நிற்கும் ஐசேயா இயோங்கியின் கைக்குப் பந்து அடிக்கடி போகட்டும். அந்தப் பிள்ளை ஓடத் தொடங்கினால் நாங்கள் உட்கார்ந்திருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. மேஸ் ஹில் முருகன் கோயிலில் பூசை பார்த்துவிட்டு அங்கிருந்தே மைதானத்துக்குப் போவோம். நெற்றியில் திருநீறு, கழுத்தில் நீல-தங்கச் சால்வை. பரா-மட்டா என்று நீட்டி, மூன்று தரம் கைதட்டும்போது எங்கள் குரலும் அதில் இருக்கும். 2019இல் புதிதாகக் கட்டிய இந்த மைதானத்தில் முதன்முதலாக நீங்கள் ஆடி, டைகர்ஸை 51–6 என்று அடித்த ஈஸ்டர் திங்களிலும் நாங்கள் இருந்தோம். இந்த வருடமும் இருப்போம்.

எனக்கு ஆட்டம் சொல்லித்தந்த பெரியவர் இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது, அதனால் தொலைக்காட்சியை விட்டுவிட்டு ஒரு பழைய சின்ன ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்கிறார். போன மாதம் போனபோது, இந்த வருடம் யார் யாரோடு ஆட்டம் என்று அட்டவணையை வாசிக்கச் சொன்னார். பெரிய அணிகளின் பெயர் வந்தபோது தலையை ஆட்டிக்கொண்டார். சின்ன அணிகளின் பெயர் வரும்போதெல்லாம் என் கையைப் பிடித்து நிறுத்தி, “இதுதான் எனக்குப் பயம்” என்றார்.

முதல் ஆட்டத்தன்று நானும் மகளும் அவரிடம் போகிறோம். ரேடியோவுக்குப் புதுப் பற்றரி வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
துங்காபியிலிருந்து ஒரு பரா குடும்பம்