நீ விட்டுச் சென்ற கறுப்புத் தட்டு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
01.03.2026

அன்புள்ள நளாயினிக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதி ஏழு மாதமாகிறது. இடையில் தொலைபேசியில் வாழ்த்துகளும் படங்களும் போய் வந்தன. ஆனால் அவற்றைக் கடிதமாகக் கணக்கெடுப்பதில்லை என்று நாமிருவரும் முப்பது வருடங்களுக்கு முன்னர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறியவள் நான்தான். அம்மாவின் முழங்கால் வலி கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. தம்பி இராஜகிரியவுக்கு வீடு மாறிவிட்டான். பெரிய ரீச்சரைப் போன மாதம் கொட்டாஞ்சேனையில் கண்டேன். உன்னை விசாரித்தார். சுகச் செய்தி இவ்வளவுதான்.

போன ஆகஸ்டில் எங்கள் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்க, நீ கனடாவிலிருந்து மேப்பிள் இனிப்புகளை நிரப்பிக்கொண்டு வந்த, கடையில் உறைந்த சாப்பாட்டுப் பெட்டிக்குள் வரும் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டைக் காட்டி, "இதற்குள் அடங்குவதுதான் இரண்டு வருடமாக என் மத்தியானச் சாப்பாடு, ஒன்பது கிலோ குறைந்திருக்கிறேன்" என்று சொன்னாய். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது பூனைக்கு வைக்கிற அளவு" என்று சொல்லிச் சிரித்தேன். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, சொதியைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றினாய். விடியற்காலை நாலரை மணிக்கு எழும்பி, பனிக்குள் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகும் ஒருத்தி தனக்கென்று ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்து அதை இரண்டு வருடம் கைவிடாமல் காத்ததை, நான் ஒரே சொல்லில் சிறுமைப்படுத்தினேன். அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை நாளும் எழுதாமல் இருந்ததற்கு அந்த வெட்கம்தான் காரணம். வேலை கூடிவிட்டது என்று உன் தங்கையிடம் சொன்னது உண்மையில்லை.

தட்டை நீ இங்கேயே விட்டுச் சென்றாய். நவம்பரில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 171 என்றும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.2 என்றும் வந்தன. மத்தியானத்துக்கு எவ்வளவு சோறு கொண்டுபோகிறீர்கள் என்று வைத்தியர் கேட்டார். ஒரு பெட்டி என்றேன். கிராமில் சொல்லுங்கள் என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த நாள் காலையில், கேக் மாவு நிறுக்க வாங்கி அலுமாரியில் கிடந்த தராசை எடுத்து, நான் வழமையாகக் கட்டும் சோற்றை நிறுத்துப் பார்த்தேன்: 460 கிராம். சமைத்த சோறு நூறு கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்று வைத்தால், கறிகளைச் சேர்க்காமல் சோறு மட்டுமே அறுநூறு. வீட்டில் சமைத்தது, சிவப்பரிசி, பக்கத்தில் கீரை இருக்கிறது, ஆகவே நல்ல சாப்பாடு என்று இருபது வருடமாக நம்பியிருந்தேன். அதன் நிறையைக் கேட்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

அப்போதுதான் உன் தட்டு நினைவுக்கு வந்தது. அதன் சின்னப் பள்ளத்தில் சோற்றை நிரப்பி நிறுத்தேன். 150 கிராம் பிடித்தது. பெரிய பள்ளத்தில் ஒரு வறை, ஒரு பருப்பு அல்லது கௌபி, ஒரு துண்டு மீன் ஆகியவை நெருக்கமாக அடங்கின. அன்றிலிருந்து காலையில் எல்லாவற்றையும் முதலில் உன் தட்டில் அளந்து, பிறகே என் எவர்சில்வர் பெட்டிக்கு மாற்றுகிறேன். முதல் இரண்டு கிழமையும் நாலு மணிக்குப் பசித்தது. கடலையின் அளவைக் கூட்டியதும் அது அடங்கியது. அரைக் கோப்பை அவித்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ ஆறு கிராம் நார்ச்சத்து இருக்கிறது; நீ முன்னர் அனுப்பிய படத்தில் உன் பெட்டி முழுவதற்கும் மூன்று கிராம் என்றே அச்சிட்டிருந்தது. போன மாதப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 128க்கு இறங்கியிருந்தது. வைத்தியர் தந்த குளுசையும் சேர்ந்துதான் இறக்கியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நாலு கிலோ குறைந்ததற்கு அந்தத் தட்டுத்தான் காரணம். பானைக்கு முன்னால் நின்று அகப்பையைப் பிடித்தபடி அளவைத் தீர்மானிக்கும்போது கை பசியின் சொல்லைக் கேட்கிறது. உன் பெட்டியில் அந்தத் தீர்மானம் பசி வருவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. இதை நீ கண்டுபிடித்து இரண்டு வருடம் கழித்துத்தான் நான் கண்டேன்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான், நீ புதன்கிழமை அனுப்பிய படத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. பெட்டியின் முகப்பில் கறுப்பு வெள்ளையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், பக்கத்தில் சோடியம் அதிகம் என்ற எச்சரிக்கையும். "இரண்டு வருடமாக இதே பெட்டியைத்தான் சாப்பிடுகிறேன், இந்தக் குறி இருந்ததில்லை, சாப்பாடு மாறிவிட்டதா?" என்று கேட்டிருந்தாய். மகளும் நானும் இரண்டு இரவு உட்கார்ந்து வாசித்தோம். சாப்பாடு மாறவில்லை, சட்டம்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கனடா 2022இல் இந்த விதியை வெளியிட்டு, நிறுவனங்களுக்கு 2026 ஜனவரி 1 வரை அவகாசம் கொடுத்தது. இருநூறு கிராமும் அதற்கு மேலும் வரும் முழுச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு, ஒரு நாளைய அளவான 2300 மில்லிகிராம் சோடியத்தில் முப்பது வீதம், அதாவது 690 மில்லிகிராம், எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. உன் பெட்டியின் பக்கவாட்டில் 730 என்று இருக்கிறது. இங்கேயும் 2016இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை வட்டமாகப் போடுகிறார்கள். வட்டம் வருவதற்கு முன்னரும் போத்தலுக்குள் அதே சீனிதான் இருந்தது.

இனி நான் சொல்லப்போவதைக் கோபிக்காமல் வாசி. மத்தியானத்துக்கு ஒன்று என்று தொடங்கியவள், போன வருடத்திலிருந்து இரவுக்கும் ஒன்று சூடாக்குகிறாய் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு பெட்டிக்கு 1460 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் கணக்கு வரும். மூன்றரைக் கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் சொல்வது ஐந்து கிராமுக்குக் குறைவு. காலைப் பாணும், பட்டரும், சீஸும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. அதற்கு மேல், சப்பென்று இருக்கிறது என்று தேசிக்காய் ஊறுகாயை வைத்துத் தின்கிறாய்! வவுனியா ரயிலில் முட்டைக்கு நீ உப்பை அள்ளிப் போட்டதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தக் கை இன்னும் திருந்தவில்லை. பிரஷர் 152க்கு 96 என்று, மழை பெய்தது என்பதுபோல ஒரு வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் சேலையைப் பற்றிக் கேட்கிறாய். உன் அப்பாவுக்கு எத்தனை வயதில் பக்கவாதம் வந்தது என்பதை நான் எழுத வேண்டியதில்லை. அந்த வயதுக்கு உனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

கொழுப்பைக் குறைத்தால் சுவை குறையும். அந்தக் குறையை நிரப்ப உப்பு எளிய வழி, மலிவும்கூட. உறைந்த சாப்பாடு கெடாமல் இருப்பதற்கு உப்புத் தேவையில்லை, சைபருக்குக் கீழே 18 பாகைக் குளிரே அதைச் செய்துவிடும். ஆகவே அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உப்பில் பெரும்பகுதி நாக்குக்காகப் போட்டதுதான். என் கறியில் உப்பை நான் போடுகிறேன், குறைக்க வேண்டுமானால் விரலை மடக்கினால் போதும். உன் பெட்டியில் நீ உப்பைக் கூட்டலாம், ஒரு கல்லைக்கூட வெளியே எடுக்க முடியாது.

எங்கள் சாப்பாடு இந்த விடயத்தில் தூய்மையானது என்று நான் சொல்லவில்லை. கருவாடு, பப்படம், மாசி, மோர்மிளகாய் என்று உப்பிலே பிறந்தவற்றை நாங்கள் தொட்டுக்கொள்ளவே வைத்திருக்கிறோம். காலி வீதிக் கடைகளில் மத்தியானம் விற்கும் பார்சலிலோ ஒருவருடைய சாப்பாட்டில் இரண்டு பேர் சாப்பிடலாம். 2017இல் பொலித்தீன் லஞ்ச் சீற்றைத் தடைசெய்தபோது சுற்றும் தாள் மாறியது, உள்ளே இருக்கும் சோற்றின் குவியல் மாறவில்லை. என் பெட்டியிலும் முன்னர் நாளுக்கொரு பப்படம் இருந்தது. இப்போது பப்படம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மீனுக்குக் கொறுக்காயையும் மிளகையும் கூட்டி உப்பைப் பாதியாக்கினேன். வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுகிறேன். நாக்குப் பழகுவதற்கு ஒரு மாதம் சென்றது. இப்போது கடைக் கறி எனக்கு உப்புக் கரிக்கிறது.

"எனக்கு யார் விடியற்காலையில் சமைத்துத் தருவார்கள்?" என்று நீ கேட்பாய், நியாயமான கேள்வி. ஐந்தரைக்கு நான் அடுப்படியில் நிற்கும்போது நீ பேருந்தில் இருக்கிறாய். ஆனால் உன்னிடம் என்னிடம் இல்லாத ஒன்று இருக்கிறது, மின்சாரம் நிற்காத ஒரு பெரிய ஃபிரீசர். 2022 மார்ச்சில் இங்கே பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்ட நாளில், ஃபிரீசரில் இருந்த மீன் முழுவதையும் நான் எறிந்தேன். அதன் பிறகு இரண்டு நாளைக்கு மேல் எதையும் சேமிக்க எனக்கு மனம் வருவதில்லை. உனக்கு அந்தப் பயம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, உன் பெட்டிகளை நீயே உறையவை. பருப்பு, கௌபி, கடலைக் கறி, கோழிக்கறி, பூசணிக்காய், சிவப்பரிசிச் சோறு எல்லாம் நன்றாக உறையும். உருளைக்கிழங்குக் கறி மாவாகிவிடும், சொதி திரிந்துவிடும், வெள்ளரிக்காயும் வல்லாரைச் சம்பலும் ஆகவே ஆகா. முருங்கையிலையையும் தேங்காய்ப்பூவையும் உறைந்த பைகளில் ஸ்காபரோக் கடைகளில் விற்கிறார்கள் என்று உன் தங்கை சொன்னாள். அவற்றை நேரடியாகச் சட்டியில் போடலாம். அளப்பதற்கு உன் கறுப்புத் தட்டையே வைத்துக்கொள். ஆனால் அது ஒருமுறை சூடாக்கச் செய்தது, திரும்பத் திரும்ப மைக்ரோவேவில் வைக்காதே. கண்ணாடிப் பெட்டி ஆறு வாங்கு. கடைப் பெட்டியை முற்றாக விடு என்று நான் கேட்கவில்லை. பனிப்புயல் நாளுக்கென்று இரண்டு இருக்கட்டும், குறி இல்லாததாகப் பார்த்து வாங்கு.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு, ஏனென்றால் நான் கவனமில்லாமல் இருந்து பட்டேன். டிசம்பரில் ஒரு நாள் இரவு சமைத்த சோற்றை மூடி மேசையில் விட்டுவிட்டு, காலையில் அதையே கட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் மணத்தில் எந்த வித்தியாசமும் இல்லை, நன்றாகச் சூடாக்கியும் சாப்பிட்டேன். நாலு மணிக்குள் மூன்று தரம் வாந்தி. சோற்றில் இருக்கும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சை விடுகின்றன, அந்த வாந்தி நஞ்சைப் பிறகு சூடாக்கியும் அழிக்க முடியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது என்ற விதியைக் கொழும்பு வெக்கையில் நான் எப்படி மறந்தேன் என்று இன்னும் எனக்கு வருத்தம். இப்போது சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆற்றி, உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கிறேன். அலுவலகம் போனதும் பெட்டியை அங்கேயும் குளிரில் வைத்துவிடுகிறேன். நீயும் ஞாயிற்றுக்கிழமைப் பானையை ஆறட்டும் என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதே.

குளிர்ந்த சோற்றைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இங்கே கொழும்பில் இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவர் 2015இல் அமெரிக்க இரசாயன சங்கத்தின் கூட்டத்தில் ஓர் ஆய்வை முன்வைத்தார். கொதிக்கும் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுச் சோறாக்கிப் பன்னிரண்டு மணி நேரம் குளிரில் வைத்தால், மாப்பொருளில் ஒரு பகுதி எளிதில் சமிக்காத வகையாக மாறுகிறது என்பது அதன் சாரம். நான் அப்படியே செய்கிறேன், சோறும் உதிரியாக வருகிறது. ஆனால் அதைச் சாட்டாக வைத்து 150ஐ 250 ஆக்க நான் இடங்கொடுக்கவில்லை, நீயும் கொடுக்காதே.

அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். என் பெட்டி சிறுத்ததை முதலில் கண்டவர் எதிரில் இருக்கும் சிங்கள அக்கா. காரணம் கேட்டதும் நான் அடுத்த நாளே உன் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் அதில் தன் சோற்றைக் கொட்டிப் பார்த்து, மிஞ்சியதை எங்களுக்குப் பங்கிட்டார். இப்போது நாலு பேருக்கும் ஆளுக்கொரு தட்டு வேண்டுமாம்.

நாளைக்கே உன் வைத்தியரிடம் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டு. பிரஷரை ஒவ்வொரு கிழமையும் எனக்கு எழுது, சேலையைப் பற்றிப் பிறகு பேசலாம். ஆகஸ்டில் வரும்போது நாலு கறுப்புத் தட்டு, நன்றாகக் கழுவி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டு வா.

அன்புடன்,
சுகந்தி